என்ன வரைவது? அக்ரிலிக் பழகத் தொடங்கியவருக்கு ஒரு வழிகாட்டி

அக்ரிலிக் (தண்ணீரில் கலந்து தீட்டும், சீக்கிரம் காயும் பெயின்ட்) பழகத் தொடங்கிய முதல் வருடம், ஐந்து நாள் பயணம் ஒன்றுக்கு என்னிடம் இருந்த எல்லா டியூப்களையும் கட்டிக்கொண்டு போனேன். மடக்கு ஸ்டாண்டு, நான்கு கேன்வாஸ் போர்டு, ஒரு டஜன் பிரஷ். மலை, ஏரி, பழைய தெரு என்று பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தேன். தீட்டியது ஒன்றுமில்லை. காற்றில் ஸ்டாண்டு நிற்கவில்லை. கூட வந்தவர்களைக் காக்க வைக்கவும் மனம் வரவில்லை. திரும்பியபோது போனில் அறுநூறு போட்டோக்கள் இருந்தன. ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால், எதை எதற்காக எடுத்தேன் என்பதே மறந்துபோயிருந்தது.

வேறொரு சமயம் அதே மாதிரி ஒரு நீர்க்கரையில் நின்றபோதுதான் புரிந்தது. ஏரி அழகு என்பதற்காக நான் நிற்கவில்லை. தண்ணீரில் தெரிந்த வானம், மேலே இருந்த வானத்தைவிட ஒரு படி இருட்டாக இருந்தது. கண் அங்கேதான் நின்றது. இந்த முறை அதை ஒரு வரியாக எழுதி வைத்தேன். அந்த ஒரு வரியிலிருந்து மூன்று படங்கள் வந்தன. கண் நின்ற இடத்தை எப்படிப் பிடிப்பது, அதை எப்படிக் குறித்து வைப்பது, வீட்டுக்கு வந்து அதை அக்ரிலிக்கில் எப்படிப் படமாக்குவது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதல் படி: வீட்டு மேசையில் தொடங்குங்கள்

ஊர் சுற்றினால்தான் யோசனை வரும் என்று காத்திருப்பவர்கள் நிறையப் பேர். இத்தாலியின் பொலோன்யா நகரில் வாழ்ந்த ஜோர்ஜோ மொராண்டி (1890–1964) படுக்கையறையையே ஓவியக் கூடமாக வைத்துக்கொண்டு, அதே சில பாட்டில்களையும் ஜாடிகளையும் இடம் மாற்றி மாற்றி வாழ்நாளெல்லாம் தீட்டினார். பளபளப்பு தொந்தரவாக இருந்த பாட்டில்கள் மேல் பெயின்ட் பூசியே வைத்திருந்தார். பிரெஞ்சு ஓவியர் மோனே வைக்கோல் போர்களை வரைந்தது 1890–91இல், தன் வீட்டுக்குப் பக்கத்து வயலில். ஒரே பொருள், கிட்டத்தட்ட 25 கேன்வாஸ். மாறியதெல்லாம் வெளிச்சமும் பருவமும்தான்.

நீங்கள் 25 செய்ய வேண்டாம், மூன்று போதும். வீட்டில் ஜன்னலோரம் ஒரு வெள்ளைக் குவளையை வையுங்கள். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை, உள்ளங்கை அளவுத் தாளில் அரை அரை மணி நேரம் தீட்டுங்கள். குவளையின் அழகு முக்கியமில்லை, கோணல் மாணலாக வந்தாலும் பரவாயில்லை. பார்க்க வேண்டியது இதைத்தான்: வெள்ளைக் குவளையில் உண்மையில் வெள்ளை எவ்வளவு இருக்கிறது? மிகக் குறைவு. நிழல் பக்கத்தில் மேசையின் நிறம் ஏறியிருக்கும். ஜன்னல் பக்கம் வானத்தின் நீலம் லேசாக விழுந்திருக்கும். தெளிந்த வானத்தின் கீழ் வெயிலில் விழும் நிழல்கள் நீலமாகத் தெரிவதும் இதனால்தான். நேர் வெயில் மறைக்கப்பட்ட இடத்துக்கு வானம்தான் வெளிச்சம் தருகிறது. மாலையில் அதே குவளை ஆரஞ்சுக்கு மாறும். சூரியன் தாழ்ந்ததும் அதன் ஒளி அதிகக் காற்றைக் கடந்து வர வேண்டியிருக்கிறது, வழியில் நீலம் சிதறிப் போய்விடுகிறது.

இதை ஒரு வாரம் செய்தவருக்குப் பயணத்தில் பார்வையே வேறு. மலையைப் பார்த்ததும் "பச்சை" என்று எழுத மாட்டார். தூரத்து மலை வெளிறி, நீலமாகி, அதன் இருட்டும் வெளிச்சமும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருப்பது அவர் கண்ணில் படும்.

இரண்டாம் படி: மூன்று வரி நோட்டு

சட்டைப் பையில் அடங்கும் நோட்டு ஒன்று, பேனா ஒன்று. கண் எங்காவது நின்றால் மூன்று வரி எழுதுங்கள்.

1. எது நிறுத்தியது?
2. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, மிக இருட்டான இடம் எது?
3. முக்கியமான இரண்டு மூன்று நிறங்கள், முடிந்தால் டியூப் பெயரில்.

முதல் வரிதான் கஷ்டம். "ஏரி, மாலை, அழகு" என்று எழுதினால் அதிலிருந்து ஒன்றும் வராது. "தண்ணீர் வானத்தைவிட இருட்டு, படகின் சிவப்பு ஒன்றுதான் சூடு, கரையோரம் மெல்லிய வெள்ளைக் கோடு" என்று எழுதினால் பாதிப் படம் முடிந்த மாதிரி. (சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் போன்றவற்றைச் சூடான நிறங்கள் என்பார்கள், நீலம் குளிர்ந்தது.) இன்னும் சில, என் நோட்டிலிருந்தே: "பஸ் ஜன்னல் கண்ணாடியில் மழைத்துளி, ஒவ்வொன்றுக்குள்ளும் தெரு தலைகீழ்." "மாடிப்படியில் வெயில் மடிந்து மடிந்து இறங்குகிறது." "காயப்போட்ட மஞ்சள் துணிக்குப் பின்னால் வெயில், துணி தானே விளக்கு மாதிரி." இந்த மூன்றில் இரண்டு நான் தினமும் பார்க்கிற இடங்கள்தான். எழுதத் தொடங்கினால் பயணத்துக்கும் அன்றாடத்துக்கும் இடையிலான வேலி மெல்ல விழுந்துவிடும்.

இது ஒன்றும் புது உத்தி இல்லை. பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா 1832இல் ஒரு தூதுக்குழுவோடு மொராக்கோவுக்குப் போனார். வட ஆப்பிரிக்காவில் இருந்தது சுமார் ஆறு மாதம். விறுவிறுவென்று கோட்டுப் படம், அதன் ஓரத்திலேயே நிறத்தைச் சொல்லும் சொற்கள், சில இடங்களில் நீர்வண்ணம் என்று நோட்டுகளை நிரப்பினார். அந்த நோட்டுகளை வைத்துக்கொண்டு 1863இல் இறக்கும்வரை அந்தப் பயணத்தின் படங்களைத் தீட்டிக்கொண்டே இருந்தார். ஆறு மாதம், முப்பது வருட வேலை!

டச்சு ஓவியர் வான்கோ 1888 அக்டோபரில் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் தன் படுக்கையறைப் படத்தைச் சின்னதாக வரைந்து, ஒவ்வொரு நிறத்தையும் எழுத்தில் சொல்லியிருந்தார். சுவர் வெளிர் ஊதா என்று அதில் இருக்கிறது. இன்று அந்தப் படத்தைப் பார்த்தால் சுவர் நீலம். ஊதாவில் கலந்திருந்த சிவப்பு நிறமி காலப்போக்கில் வெளிறிவிட்டதுதான் காரணம். பெயின்ட் மறந்துவிட்டது, எழுத்து நினைவு வைத்திருக்கிறது.

(இடையில் ஒன்று: டியூப் வாங்கும்போது வெளிச்சத்தைத் தாங்கும் தரம், அதாவது லைட்ஃபாஸ்ட்னெஸ், போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நியான் நிறங்கள் கடையில் கண்ணைப் பறிக்கும். சுவரில் மாட்டினால் சீக்கிரம் வெளிறும்.)

மூன்றாம் படி: போட்டோ எடுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

போட்டோ வேண்டாம் என்று சொல்பவன் நான் இல்லை. ஜன்னல்கள் எத்தனை, படகின் முனை எப்படி வளைகிறது என்பதெல்லாம் நோட்டில் வராது. ஆனால் போன் கேமரா மூன்று இடங்களில் பொய் சொல்லும்.

முதலாவது, அளவு. போனின் வழக்கமான லென்ஸ் அகலமாகப் பார்ப்பது. அதனால் கண்ணுக்குப் பெரிதாக எழுந்து நின்ற மலை, படத்தில் சின்ன மேடாகிவிடும். முன்னால் இருக்கும் ரோடு மட்டும் பாதிப் படத்தைச் சாப்பிட்டுவிடும். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஜூமில் இன்னொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, நிழல். எதிர் வெளிச்சத்தில் வானம் வெளுத்துவிடும், அல்லது நிழல் கறுப்பாக மூடிக்கொள்ளும். உங்கள் கண்ணுக்கு நிழலுக்குள் நிறம் தெரியும். அதனால் போன் திரையில் வானத்தைத் தொட்டு ஒன்று, நிழலைத் தொட்டு ஒன்று என்று இரண்டு எடுங்கள். மூன்றாவது, மாலை நேரத்து ஆரஞ்சையும் விளக்கு வெளிச்சத்து மஞ்சளையும் கேமரா தானாகவே "சரி" செய்துவிடும். இதற்குக் கேமராவில் தீர்வு தேட வேண்டாம், நோட்டின் மூன்றாம் வரி இருக்கிறது.

போட்டோவால் ஒரு பெரிய உதவியும் உண்டு. அதைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். நிறம் போனதும் இருட்டு, நடுத்தரம், வெளிச்சம் என்ற மூன்று திட்டுகள் மட்டும் மிஞ்சும். அந்த மூன்றும் கண்ணுக்கு நன்றாக இருந்தால் படம் வரும். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், நிறத்தின் மயக்கத்தில் மட்டும் நின்றிருக்கிறீர்கள்.

அடுத்தவர் எடுத்த போட்டோவை அப்படியே தீட்டுவதில் உரிமைச் சிக்கல் ஒரு பக்கம். அதைவிட, அங்கே நின்றது உங்கள் கண் இல்லை.

நான்காம் படி: பையில் என்ன

என் முதல் பயணத்து மூட்டையில் இருந்ததில் கால்வாசி போதும்.

நிறங்கள் ஆறு: டைட்டானியம் வொய்ட், ஹன்சா யெல்லோ அல்லது லெமன் யெல்லோ, குயினாக்ரிடோன் மெஜந்தா, அல்ட்ராமரீன் புளூ, தாலோ புளூ, பர்ன்ட் சியன்னா. கறுப்பு தேவையில்லை. அல்ட்ராமரீனையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் ஆழமான இருட்டு கிடைக்கும். அதில் வெள்ளை சேர்த்தால் மேகத்துக்கும் நிழலுக்கும் ஏற்ற சாம்பல். நீலம் கொஞ்சம் கூடினால் குளிர்ந்த சாம்பல், பழுப்பு கூடினால் சூடானது. கறுப்பு டியூப்பில் இந்த விளையாட்டு கிடையாது. தாலோ புளூவை மட்டும் ஊசி முனையளவு எடுங்கள், அது எதோடு சேர்ந்தாலும் மற்றதை விழுங்கிவிடும். வெள்ளைதான் முதலில் தீரும், அதைப் பெரிய டியூப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரஷ் மூன்று: ஒரு அங்குலத் தட்டை, அதில் பாதி அளவில் ஒன்று, கூர்முனை ஒன்று. செயற்கை முடியே நல்லது. தாள் 300 ஜி.எஸ்.எம். (தடிமனான) வாட்டர்கலர் தாள், அஞ்சலட்டை அளவில் வெட்டியது. சுற்றி ஒட்ட மாஸ்கிங் டேப். தண்ணீருக்கு மூடியுள்ள சின்ன டப்பா, தண்ணீர் தெளிக்கும் பாட்டில் ஒன்று, பழைய துணி.

அக்ரிலிக்கின் பெரிய தொல்லை, நிறம் கலக்கும் தட்டான பேலட்டிலேயே காய்ந்துவிடுவது. இதற்கு ஈரப் பேலட் செய்துகொள்ளலாம். மூடியுள்ள தட்டையான டப்பாவில் நனைத்த டிஷ்யூவை மடித்துப் பரப்பி, அதன்மேல் பேக்கிங்குக்குப் பயன்படும் பட்டர் பேப்பரை வையுங்கள். மெழுகு பூசிய தாள் உதவாது. கலவையை அதன்மேல் வைத்து, வேலை முடிந்ததும் மூடினால் மறுநாளும் ஈரமாகவே இருக்கும்.

விமானத்தில் போகிறவர்கள் டியூப்களைச் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுவது நிம்மதி. கையில் எடுத்துப் போகும் திரவத்துக்குப் பல விமான நிலையங்களில் இன்னமும் ஒரு கொள்கலனுக்கு 100 மி.லி. என்ற வரம்பு இருக்கிறது. சோதனையில் கேட்டால், தண்ணீரில் கரையும், தீப்பிடிக்காத பெயின்ட் என்று சொல்லுங்கள். ஆங், நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு தீட்டாதீர்கள். ஈரமாக இருக்கும்போது தண்ணீர் போதும். காய்ந்துவிட்டால் பிளாஸ்டிக், துணியை விட்டுப் போகாது. என்னிடம் இருக்கும் பேன்ட்கள் இரண்டும் இதற்குச் சாட்சி.

ஐந்தாம் படி: அந்த இடத்தில் இருபது நிமிடம்

ஒரு அட்டையில் உங்கள் தாளின் நீள அகல விகிதத்திலேயே சின்ன ஜன்னல் வெட்டி, அதன் வழியாகப் பாருங்கள். அட்டையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்தால் நிறையத் தெரியும், தள்ளிப் பிடித்தால் கொஞ்சம்தான் தெரியும். புதியவர்கள் எப்போதும் நிறைய எடுத்துக்கொள்வார்கள். கையை நீட்டிப் பிடியுங்கள்.

தீப்பெட்டி அளவில் மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம்: பேனாவால் மூன்று திட்டுகளை மட்டும் நிரப்புங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் சின்ன விவரங்கள் மறைந்து திட்டுகள் தானே தெரியும். மூன்றில் எது உங்கள் முதல் வரியைச் சொல்கிறதோ, அதை எடுத்துக்கொண்டு பெரிய பிரஷ்ஷால் தொடங்குங்கள். பெரிய திட்டு முதலில், சின்னது கடைசியில். மெல்லிய பூச்சு பத்து இருபது நிமிடத்தில் காய்ந்துவிடும், வெயிலிலும் காற்றிலும் இன்னும் சீக்கிரம். பேலட்டில் அவ்வப்போது தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். குளிர் ஊரில் நேர்மாறாக ஒரு சிக்கல் உண்டு: சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பெயின்டில் உள்ள பாலிமர் துகள்கள் சரியாக ஒட்டிச் சேராது, படலம் பலவீனமாகிவிடும். அந்தக் குளிரில் நோட்டும் பேனாவும் போதும்.

நிறம் காய்ந்தபின் ஒரு படி இருண்டுவிடுவது எல்லாரையும் முதலில் ஏமாற்றும். பெயின்டைப் பிடித்து வைத்திருக்கும் அக்ரிலிக் பால் ஈரத்தில் வெள்ளையாக இருக்கும், காய்ந்ததும் கண்ணாடியாகிவிடும். அந்தப் பால்வெள்ளை போனதும் நிறம் இறங்குகிறது. கலக்கும்போதே கொஞ்சம் வெளிர்த்துக் கலந்து, தாள் ஓரத்தில் தடவிக் காயவிட்டுப் பாருங்கள்.

பிரதிபலிப்பு தீட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: பொதுவாகத் தண்ணீரில் வெளிர் பொருள் சற்று இருண்டும், இருண்ட பொருள் சற்று வெளிர்ந்தும் தெரியும். இதை மாற்றிச் செய்தால் தண்ணீர் தண்ணீராகவே இருக்காது.

இருபது நிமிடம் ஆனதும் நிறுத்துங்கள். முடியவில்லையே என்று தோன்றும். முடிக்கும் வேலை வீட்டில் இருக்கிறது.

பிரஷ்ஷை முடி கீழே இருக்கும்படி தண்ணீரில் நிற்க வைக்காதீர்கள், முனை வளைந்துவிடும். உடனே அலசித் துணியில் துடைத்து, படுக்க வையுங்கள். அலசிய தண்ணீரைச் செடியிலோ குளத்திலோ கொட்ட வேண்டாம்.

ஆறாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

ஊர் திரும்பிய ஒரு வாரத்துக்குள் நோட்டைத் திறங்கள். போட்டோக்களை முதலில் பார்க்கக் கூடாது. இதில் நான் பிடிவாதக்காரன். போட்டோ முதலில் வந்தால் நினைவு ஓரமாக ஒதுங்கிவிடும். மூன்று வரிகளைப் படிக்கும்போது எந்தக் குறிப்பு கண்முன் எழுகிறதோ, அதுதான் படம். எழாதவற்றை வருத்தமில்லாமல் விட்டுவிடுங்கள்.

தேர்ந்தெடுத்தபின், ஜெஸ்ஸோ (பெயின்டுக்கு முன் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) பூசிய கேன்வாஸில் பர்ன்ட் சியன்னாவைத் தண்ணீராகக் கரைத்து மெல்லப் பூசிக் காயவிடுங்கள். வெள்ளைக் கேன்வாஸின் மிரட்டல் குறையும், இருட்டையும் வெளிச்சத்தையும் எடைபோடுவது எளிது, விட்டுப்போன இடுக்குகளில் வெள்ளைப் புள்ளி தெரியாமல் சூடான நிறம் எட்டிப் பார்க்கும். கோட்டுப் படம் போடும்போது மட்டும் போட்டோவைப் பாருங்கள். வடிவம் பதிந்ததும் போட்டோவை அணைத்துவிட்டு, அங்கே தீட்டிய அஞ்சலட்டையையும் நோட்டையும் மட்டும் எதிரில் வையுங்கள்.

இனி கேள்வி ஒன்றுதான்: முதல் வரிக்கு எது உதவவில்லை? அதை எடுத்துவிடுங்கள். என் ஏரிப் படத்தில் உண்மையில் ஆறு படகுகள், ஒரு கம்பம், நான்கு பேர் இருந்தார்கள். கேன்வாஸில் ஒரு படகு மட்டும். சிவப்பு ஒன்றுதான் சூடு என்று எழுதிவிட்டு, மஞ்சள் சட்டைக்காரரை எப்படி உள்ளே விடுவது?

அக்ரிலிக்கின் வரம் இந்த இடத்தில்தான். காய்ந்த பூச்சு மறுபடி கரையாது, அதனால் தப்பின்மேல் தைரியமாக அடுத்த பூச்சு போடலாம். தண்ணீர் ஆழமாகத் தெரியவில்லையென்றால், காய்ந்ததன்மேல் கிளேசிங் மீடியம் (நிறத்தை ஊடுருவித் தெரியும்படி மெல்லியதாக்கும் அக்ரிலிக் திரவம்) கலந்த மெல்லிய அல்ட்ராமரீனை ஒரு படலமாக ஓட்டுங்கள். போதவில்லையா, காயவிட்டு இன்னொன்று. வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றி ஊற்றிக் கரைத்தால் படலம் வலுவிழக்கும். மீடியம் சேர்த்துக்கொள்வது பாதுகாப்பு.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்காதீர்கள். பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி 1967இல் ஒரு நீச்சல் குளத்தை அக்ரிலிக்கில் தீட்டினார். யாரோ குதித்த கணம், ஆள் தெரியவில்லை, எழும்பிய தண்ணீர் மட்டும். இரண்டு நொடி நிற்கும் அந்தத் தண்ணீரைச் சின்னச் சின்னப் பிரஷ்களால் தீட்ட அவருக்கு இரண்டு வாரம் ஆனது. குளமும் வீடும் நாற்காலியும் தட்டைப் பூச்சுகள்தான். உழைப்பு முழுவதும் கண் நின்ற இடத்துக்கே போயிருக்கிறது.

ஒன்றுமே தோன்றாத நாள்

வரும். அன்று கண்டுபிடிக்க முயலாமல் கட்டுப்பாடு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அல்ட்ராமரீன், பர்ன்ட் சியன்னா, வெள்ளை மட்டும் வைத்து, உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியும் முதல் நிழலைத் தீட்டுங்கள். அல்லது பழைய குறிப்பு ஒன்றை வேறு வேளையில் கற்பனை செய்யுங்கள், மாலை ஏரியைக் காலைக்கு மாற்றுவது போல. அதுவும் வரவில்லையா, தாள்களுக்கு ஜெஸ்ஸோ பூசி வையுங்கள். அந்த வேலையையும் யாராவது செய்துதானே ஆக வேண்டும்.

முடித்த படத்தை வைப்பது

பின்பக்கம் தேதியையும், நோட்டில் எழுதிய முதல் வரியையும் எழுதிவிடுங்கள். கனமான பூச்சு உள்ளே காய நாள்கணக்கில் ஆகும், அதனால் வார்னிஷுக்கு அவசரப்பட வேண்டாம். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவே கூடாது. அக்ரிலிக் காய்ந்த பிறகும் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். அந்த ஏரிப் படங்கள் மூன்று என்று சொன்னேன் இல்லையா? ஒரு கோடையில் அலமாரிக்குள் அடுக்கி வைத்திருந்தேன். பிரித்தபோது இரண்டாவதின் வானம் பாதிக்கு மேல் முதலாவதின் முதுகில் இருந்தது. இப்போது அவற்றை நிற்க வைத்து, இடையில் பட்டர் பேப்பர் செருகுகிறேன்.